வெளியூரில் வென்ற கோப்பை: கலாதசராய், 1999–2000

1999 நவம்பர் 3, புதன்கிழமை இரவு. இஸ்தான்புல்லின் அலி சாமி யென் மைதானத்தில் 86 நிமிடம் முடிந்துவிட்டது. இத்தாலியின் ஏசி மிலான் 2, துருக்கியின் கலாதசராய் 1. ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில், குழுச் சுற்றின் கடைசி ஆட்டம் இது. இப்படியே விசில் ஊதினால் மிலான் 9 புள்ளிகளுடன் குழுவில் இரண்டாம் இடம் பிடித்து அடுத்த சுற்றுக்குப் போகும். கலாதசராய் கடைசி இடத்தில் மூட்டை கட்டும்.

87ஆம் நிமிடம் கலாதசராயின் ஹகான் ஷுகூர் கோல் அடித்தார். 2-2. இப்போது மிலான் மூன்றாம் இடம். மிலானுக்கு அது போதவில்லை, அடுத்த சுற்றுக்கு வெற்றியே வேண்டும். 90ஆம் நிமிடம் கலாதசராய்க்குப் பெனால்டி கிடைத்தது. உமித் தவாலா பந்தை வலைக்குள் செலுத்தினார். 3-2. மூன்றே நிமிடத்தில் மிலான் இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்குச் சரிந்து, அந்த ஆண்டின் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்தே வெளியேறியது. செல்சி 11, ஹெர்த்தா பெர்லின் 8, கலாதசராய் 7, மிலான் 6: குழுவின் கணக்கு அப்படி முடிந்தது.

அந்த மூன்றாம் இடத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. சாம்பியன்ஸ் லீக் குழுவில் மூன்றாவதாக வரும் அணி, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூஃபா கோப்பையின் மூன்றாம் சுற்றில் சேரலாம் என்ற ஏற்பாடு அந்தப் பருவத்தில்தான் முதல்முறை வந்தது. ஆறரை மாதம் கழித்து, 2000 மே 17 அன்று, கோபன்ஹேகனில் இங்கிலாந்தின் ஆர்சனலைப் பெனால்டியில் வென்று கலாதசராய் அந்தக் கோப்பையைத் தூக்கியது. ஒரு துருக்கிக் கிளப் வென்ற முதல் ஐரோப்பியக் கோப்பை அது. அதன்பிறகு 2025 வரை, கால் நூற்றாண்டாக, ஐரோப்பியக் கிளப் போட்டி எதிலும் வேறொரு துருக்கிக் கிளப் இறுதி ஆட்டம்வரைகூடப் போகவில்லை.

ஏன் அந்த ஓர் ஆண்டு மட்டும் நடந்தது? அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

வழக்கமான பதிலும் அதன் ஓட்டையும்

கேட்டால் உடனே வரும் பதில், மைதானம். மெஜிதியேகோய் பகுதியில் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நின்ற பழைய அலி சாமி யென். இருபதாயிரத்துச் சொச்சம் பேர்தான் அமரலாம். ஆனால் ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே நிரம்பிவிடும். தீப்பந்தப் புகை, முரசு, ஒரு பக்கம் பாட மறுபக்கம் பதில் பாடுவது. 'நரகத்துக்கு நல்வரவு' என்று வெளிநாட்டு அணிகளுக்காக எழுதிப் பிடித்த பதாகை 1993இல் மான்செஸ்டர் யுனைடெட் வந்தபோதே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் 3-3, இஸ்தான்புல்லில் 0-0. வெளியூரில் அடித்த கோல் அதிகம் என்ற கணக்கில் யுனைடெட் வெளியேறியது. அன்றிலிருந்து துருக்கிக் கால்பந்து என்றாலே அந்த நரகம்தான் என்றாகிவிட்டது.

எனக்கும் அந்த மைதானத்தின் மேல் தீராத மயக்கம் உண்டு. 2011இல் கிளப் புது அரங்கத்துக்கு மாறியபோது நானே வீடு காலி செய்தது போலிருந்தது. ஆனால் 1999–2000 கோப்பைக் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் இந்தப் பதில் நிற்காது.

யூஃபா கோப்பையில் கலாதசராய் சொந்த மைதானத்தில் ஆடிய நான்கு ஆட்டங்கள்: பொலோன்யாவை 2-1, டார்ட்மண்டுடன் 0-0, மயோர்க்காவை 2-1, லீட்ஸை 2-0. மொத்தம் 6 கோல்கள். வெளியூரில் ஆடிய நான்கு: பொலோன்யாவில் 1-1, டார்ட்மண்டில் 2-0, மயோர்க்காவில் 4-1, லீட்ஸில் 2-2. மொத்தம் 9 கோல்கள். ஒரு தோல்வியும் இல்லை. இறுதி ஆட்டம் கோபன்ஹேகனில், பொது மைதானத்தில். நரகத்தைவிட நரகத்துக்கு வெளியேதான் இந்த அணி அதிகம் அடித்திருக்கிறது.

அப்படியானால் கேள்வியே மாறுகிறது. சொந்த ஊரில் எவரையும் மிரட்டக்கூடிய துருக்கி அணி ஒன்று, வெளியூரிலும் அதே ஆட்டத்தை ஆட எப்போது, எப்படிக் கற்றது?

நான்கு ஆண்டுப் பாடம்

இதற்கு 1984இலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் துருக்கி தேசிய அணி சொந்த மண்ணில் இங்கிலாந்திடம் 8-0 என்று தோற்றது. அதே ஆண்டில்தான் மேற்கு ஜெர்மனிக்கு 1980 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பை வென்று தந்த யுப் டெர்வால் கலாதசராய்க்குப் பயிற்சியாளராக வந்தார். புல்தரை இல்லாத மண் மைதானத்தில் பயிற்சி செய்வது அப்போது அங்கே சகஜம். அதை மாற்றவைத்தவர் என்று துருக்கியில் இன்றும் அவரைச் சொல்வார்கள். அவருக்கு உதவியாளராக இருந்த முஸ்தஃபா டெனிஸ்லி அடுத்து அணியைப் பொறுப்பேற்று, கிளப்புகளுக்கான 1988–89 ஐரோப்பியக் கோப்பையில் அரையிறுதிவரை கொண்டுபோனார். அந்த ஓட்டத்தில் ஒரு ஆட்டம் மறக்க முடியாதது. சுவிட்சர்லாந்தில் நொய்ஷாட்டெல் சாமாக்ஸிடம் 0-3 தோற்றுவிட்டு, இஸ்தான்புல்லில் அதே அணியை 5-0 என்று திருப்பி அடித்தார்கள். ஆனால் அரையிறுதியில் புக்கரெஸ்டுக்குப் போய் ஸ்டேவா அணியிடம் 0-4. ஊரில் 5, வெளியே 0. பிற்பாடு பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்த நோயின் முகம் அன்றே தெரிந்துவிட்டது.

டெர்வாலின் முதல் அணியில் கடைசிப் பருவம் ஆடிய ஒரு தடுப்பாட்டக்காரர் இருந்தார். அதானாவைச் சேர்ந்த ஃபாத்தி தெரிம். 1985இல் ஓய்வு பெற்றார். பயிற்சியாளராகி, துருக்கியை முதல்முறையாக 1996 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்புக்கு அழைத்துப் போனார். அந்தக் கோடையிலேயே கலாதசராய்க்கு வந்தார்.

வந்த முதல் ஆண்டு அவரும் அதே நோயில் விழுந்தார். உள்நாட்டுக் கோப்பை வென்ற கிளப்புகளுக்கான கப் வின்னர்ஸ் கோப்பையில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைனை இஸ்தான்புல்லில் 4-2 என்று அடித்தார்கள். ஊரே கொண்டாடியது. இரண்டு வாரம் கழித்துப் பாரிஸில் 0-4. கதை முடிந்தது.

இரண்டாம் ஆண்டு, 1997–98. சாம்பியன்ஸ் லீக் குழுவில் டார்ட்மண்ட், பார்மா, ஸ்பார்ட்டா பிராக். வெளியூர் ஆட்டம் மூன்றிலும் தோல்வி. குழுவில் கடைசி.

மூன்றாம் ஆண்டு, 1998–99. யுவென்டஸ், ரோசன்போர்க், அத்லெட்டிக் பில்பாவ். துரினில் யுவென்டஸுடன் 2-2 எடுத்தார்கள், அதுதான் முதல் அறிகுறி. பில்பாவிலும் ரோசன்போர்க்கின் ஊரான ட்ரோன்ட்ஹைமிலும் தோற்றார்கள். மூன்று அணிகள் 8 புள்ளிகளில் சமநிலை, தங்களுக்குள் மோதிய கணக்கில் யுவென்டஸ் மட்டும் முன்னேறியது. நூலிழை.

நான்காம் ஆண்டு குழுச் சுற்றில் மிலானில் 1-2, செல்சியில் 0-1, பெர்லினில் 4-1. தோற்றபோதும் ஒரு கோல் வித்தியாசம்தான். அதன்பிறகு அந்தப் பருவத்தில் ஐரோப்பாவில் அவர்கள் எங்கேயும் தோற்கவே இல்லை.

0-4இல் தொடங்கியது, மூன்றில் மூன்றும் தோல்வி, மூன்றில் ஒரு டிரா, மூன்றில் ஒரு வெற்றி, அப்புறம் நான்கு ஆட்டத்தில் 9 கோல் என்று வந்து நிற்கிறது. ஒரே பயிற்சியாளர், ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள். இது அதிர்ஷ்டத்தில் வரும் வரிசை இல்லை. டார்ட்மண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் இரண்டு ஆட்டத்திலும் அவர்களிடம் தோற்றவர்கள், 2000இல் அதே ஊரில் 2-0 என்று ஜெயித்தார்கள்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெர்லினிலும் டார்ட்மண்டிலும் துருக்கியர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். அங்கே கலாதசராய் முழுக்க அந்நிய மண்ணில் ஆடவில்லை. ஆனால் பொலோன்யாவும் மயோர்க்காவும் லீட்ஸும் அப்படிப்பட்ட ஊர்கள் அல்ல. அங்கேதான் 7 கோல்கள் வந்தன.

ஐந்து கோல் வாங்கிய இரவு

நான்காம் ஆண்டில் எல்லாம் உடைந்துபோகக்கூடிய ஒரு தருணம் வந்தது. 1999 அக்டோபர் 20, அலி சாமி யென், செல்சி. 0-5. சொந்த மைதானத்தில், 'நரகத்தில்', ஐந்து கோல். நான்கு ஆட்டம் முடிந்து கையில் ஒரே ஒரு புள்ளி.

அந்த வாரம் பயிற்சியாளரை மாற்றியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். துருக்கியில் அதைவிடச் சின்னத் தோல்விகளுக்கெல்லாம் ஆட்கள் போயிருக்கிறார்கள். கிளப் அசையவில்லை. மூன்று லீக் பட்டங்களை அடுத்தடுத்து வென்றவர் என்பது தெரிமுக்குக் கேடயமாக இருந்தது. ஒரே வாரத்தில் அதே அணி பெர்லினுக்குப் போய் 4-1 என்று வென்றது. அதற்கு அடுத்த வாரம் மிலான். இந்த இரண்டு வாரத்தில்தான் கோப்பை வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோபன்ஹேகனில் நடந்தது அதன் கடைசிப் பக்கம்.

அணியில் இருந்தவர்கள்

இறுதி ஆட்டத்தில் இறங்கிய பதினொருவரில் ஏழு பேர் துருக்கியர், நான்கு பேர் வெளிநாட்டவர். கோல்கீப்பர் தாஃபரேல், 1994இல் பிரேசிலுக்காக உலகக் கோப்பை வென்றவர், வயது 34. நடுவில் ருமேனியாவின் ஹாகி, வயது 35. ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டிலும் ஆடி, இரண்டிலும் நினைத்த இடம் கிடைக்காமல் 1996இல் இஸ்தான்புல் வந்தவர். தடுப்பில் பொபெஸ்கு, பார்சிலோனாவின் கேப்டனாக இருந்தவர். பிறகு பிரேசில்காரர் கபோன். இவர்களுக்கு வெளியூர் மைதானம் புதிதல்ல, பயமும் இல்லை. ஐரோப்பா 'ஓய்ந்துவிட்டார்கள்' என்று எண்ணிய வயதில் வந்து, மிச்சமிருந்த பசியை இங்கே தீர்த்துக்கொண்டார்கள்.

துருக்கியர்களில் கேப்டன் புலென்ட் கோர்க்மாஸ், ஒகான் புருக், சுவாத் கயா எல்லோரும் கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்தவர்கள். 19 வயது எம்ரே பெலஸோலுவும் அப்படித்தான். ஹகான் ஷுகூர் 1992இல் பர்சாஸ்போரிலிருந்து வந்தவர். எர்குன், உமித் தவாலா, அரிஃப், ஹசன் ஷாஷ். ஒருவருக்கொருவர் பந்து எங்கே வரும் என்று பார்க்காமலே தெரிந்த கூட்டம். தெரிமின் ஆட்டம் பின்னால் பதுங்கி நிற்பது அல்ல. முன்னால் போய் அழுத்தி, எதிரணி தன் பாதியிலேயே பந்தை இழக்கும்படி செய்வது. அதை ஊரில் செய்வது எளிது, கூட்டம் தள்ளிவிடும். வெளியூரில் செய்ய வேண்டுமானால் பதினொரு பேரும் ஒரே நொடியில் நகர வேண்டும். ஒருவர் தயங்கினால் பின்னால் கதவு திறந்துவிடும். அந்த ஒருமை ஒரு கோடைப் பருவத்தில் வாங்கி வருவதில்லை.

லீட்ஸ்

அரையிறுதியைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவு, 2000 ஏப்ரல் 5, இஸ்தான்புல்லின் தக்சிம் சதுக்கப் பகுதியில் நடந்த மோதலில் லீட்ஸ் ரசிகர்கள் இருவர் குத்திக் கொல்லப்பட்டார்கள். கால்பந்து பார்க்க வந்த இருவர் வீடு திரும்பவில்லை. மறுநாள் ஆட்டம் நடந்தது. கலாதசராய் 2-0 வென்றது. அந்தக் கோப்பையைப் பற்றி எவ்வளவு பெருமையாகப் பேசினாலும் அந்த இரவை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. 'நரகம்' என்ற சொல்லை விளையாட்டாகப் பயன்படுத்துவதில் எனக்கு அன்றிலிருந்து ஒரு கூச்சம் உண்டு.

இரண்டாம் ஆட்டம் லீட்ஸில், துக்கமும் கோபமும் நிறைந்த மைதானத்தில். ஹாகி பெனால்டியில் ஒன்று, ஹகான் ஷுகூர் ஒன்று. 2-2. எம்ரே சிவப்பு அட்டை வாங்கினார். இறுதி ஆட்டம் அவருக்கு இல்லாமல் போனது.

கோபன்ஹேகன், மே 17

எதிரே ஆர்சனல். அவர்களும் சாம்பியன்ஸ் லீக் குழுவில் மூன்றாம் இடம் பிடித்து இறங்கி வந்தவர்கள்தான். பயிற்சியாளர் வெங்கரின் அணி: ஆன்றி, பெர்க்காம்ப், ஓவர்மார்ஸ், வியேரா, ஆடம்ஸ், சீமன். பெயர்களை எழுதி வைத்தால் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்கவே தேவையில்லை.

90 நிமிடமும் கோல் இல்லை. கூடுதல் நேரம். அப்போது தங்க கோல் விதி இருந்தது. யார் முதலில் அடித்தாலும் அந்தக் கணமே ஆட்டம் முடிந்துவிடும். 94ஆம் நிமிடத்தில் ஹாகி டோனி ஆடம்ஸுடன் மல்லுக்கு நின்று, முதுகில் குத்தி, சிவப்பு அட்டை வாங்கினார். அணியின் மூளை வெளியே போனது. இன்னும் 26 நிமிடம், பத்து பேர், ஒரே ஒரு கோல் வாங்கினாலும் முடிந்தது.

பதிவை எத்தனை முறை பார்த்தாலும் இந்த 26 நிமிடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். இரண்டு காட்சிகள். ஒன்று, புலென்ட் கோர்க்மாஸ். தோள்பட்டை விலகி, வலியில் முகம் சுருங்கி, தோளைக் கட்டித் திரும்பவும் களத்துக்குள் வருகிறார். கை அசையாது. ஆனாலும் ஆன்றியின் பக்கத்தில் போய் நிற்கிறார். இன்னொன்று, தாஃபரேல். வலப்பக்கத்திலிருந்து கிராஸ் வருகிறது, ஆன்றி வெகு அருகிலிருந்து தலையால் முட்டுகிறார். கோல் என்று கை தூக்கிவிடலாம், அவ்வளவு நெருக்கம். தாஃபரேல் கீழே பாய்ந்து தட்டிவிடுகிறார். அன்று ஆட்ட நாயகன் அவர்தான்.

120 நிமிடம் தாக்குப்பிடித்து, பெனால்டி. எர்குன் அடித்தார். சூக்கரின் பந்து கம்பத்தில் பட்டது. ஹகான் ஷுகூர் அடித்தார். பார்லர் அடித்தார். உமித் தவாலா அடித்தார், நவம்பரில் மிலானுக்கு எதிராக அடித்தாரே, அதே நிதானம். வியேராவின் பந்து குறுக்குக் கம்பத்தில் மோதியது. நான்காவதாக வந்த பொபெஸ்கு பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டு ஓட ஆரம்பித்தார். 4-1.

மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 25, மொனாக்கோவில் சூப்பர் கோப்பை. புதிதாக வந்த மாரியோ ஜார்டெல் இரண்டு கோல் அடிக்க, ரியல் மாட்ரிட்டை 2-1 என்று தங்க கோலில் வென்றார்கள். அதுவும் வெளியூர்.

கலைந்த கதை

ஆனால் மொனாக்கோவில் பயிற்சியாளராக நின்றவர் தெரிம் இல்லை, மிர்ச்சா லுச்செஸ்கு. தெரிம் ஃபியரென்டினாவுக்குப் போய்விட்டார். ஹகான் ஷுகூர் இன்டர் மிலானுக்கு. அடுத்த ஆண்டு ஒகானும் எம்ரேயும் அதே இன்டருக்கு, உமித் தவாலா ஏசி மிலானுக்கு, தாஃபரேல் பார்மாவுக்கு, பொபெஸ்கு லெச்சேவுக்கு. ஹாகி ஓய்வு பெற்றார். 2001 பிப்ரவரியில் துருக்கியின் பொருளாதாரம் சரிந்து லிரா மதிப்பிழந்தது. டாலரில் சம்பளம் பேசி லிராவில் வருமானம் எடுக்கும் கிளப்புகளுக்கு அது பேரிடி. அந்த அணியின் வேலை முழுதாக வீணாகவில்லை என்பதுதான் ஆறுதல். 2002 உலகக் கோப்பையில் துருக்கி மூன்றாம் இடம் வந்தபோது கோபன்ஹேகனில் ஆடிய பாதிப் பேர் அதில் இருந்தார்கள்.

2001 வசந்தத்திலேயே பழைய நோய் எட்டிப் பார்த்தது. சாம்பியன்ஸ் லீக் கால் இறுதியில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இஸ்தான்புல்லில் 0-2 பின்தங்கி 3-2 என்று வென்றார்கள், துருக்கிக் கால்பந்தின் பெரிய இரவுகளில் ஒன்று. மாட்ரிட்டில் 0-3.

அதன்பிறகு எந்தத் துருக்கிக் கிளப்பை எடுத்தாலும் இதே வடிவம்தான். பெஷிக்தாஷ் 2007 அக்டோபரில் லிவர்பூலை இஸ்தான்புல்லில் 2-1 வென்றது, இரண்டு வாரத்தில் ஆன்ஃபீல்டில் 0-8. ஃபெனர்பாச்சே 2008 கால் இறுதியில், ஸீக்கோ பயிற்சியில், செல்சியை 2-1 வென்றது, லண்டனில் 0-2. அதே ஃபெனர்பாச்சே 2013இல், யூஃபா கோப்பையின் புதுப் பெயரான யூரோப்பா லீக்கின் அரையிறுதியில் பென்ஃபிக்காவை 1-0 வென்று, லிஸ்பனில் 1-3. அதே வசந்தத்தில் கலாதசராய், ட்ரோக்பாவும் ஸ்னைடரும் இருந்தபோது, மாட்ரிட்டில் 0-3 வாங்கிவிட்டு ஊரில் 3-2 அடித்தது. ஊரில் வென்றதைக் கொண்டாடும் நினைவுகள் ஒவ்வொரு ரசிகருக்கும் நிறைய உண்டு, அடுத்த சுற்றுகள் குறைவு.

விதிவிலக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இந்த வாதத்தை உறுதிப்படுத்துகிறது. 2017–18 பெஷிக்தாஷ். குழுவில் போர்ட்டோ, லைப்சிக், மொனாக்கோ. போர்ட்டோவில் 3-1, மொனாக்கோவில் 2-1, லைப்சிக்கில் 2-1. வெளியூர் மூன்றும் வெற்றி! தோல்வியே இல்லாமல் 14 புள்ளிகளுடன் குழுவில் முதலிடம். பயிற்சியாளர் ஷெனோல் குனெஷ் அப்போது மூன்றாவது பருவத்தில் இருந்தார், கையில் அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்கள். அடுத்த சுற்றில் பயர்ன் மியூனிக் அவர்களை நசுக்கியது உண்மைதான். ஆனாலும் இரண்டு ஆண்டு ஒரே கையில் இருந்த அணி வெளியூரில் எப்படி ஆடும் என்பதைத் துருக்கி மறுபடி ஒருமுறை பார்த்தது.

எதிர்ப் பக்கத்துக்கும் ஒரு எடுத்துக்காட்டு, அதுவும் தெரிமிடமிருந்தே. 2013 செப்டம்பர் 17, சாம்பியன்ஸ் லீக்கின் முதல் ஆட்டம், சொந்த அரங்கில் ரியல் மாட்ரிட்டிடம் 1-6. ஒரு வாரத்தில் அவர் நீக்கப்பட்டார். அந்த ஆட்டம் மட்டுமே காரணம் என்று சொல்வது தப்பு. தேசிய அணியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒப்பந்தத்தில் நிர்வாகத்தோடு உரசல் இருந்தது. பின்னால் வந்த மான்சினி பனி கொட்டிய டிசம்பரில் யுவென்டஸை 1-0 வென்று அணியை அடுத்த சுற்றுக்கும் கொண்டுபோனார். பருவம் முடிந்ததும் அவரும் போய்விட்டார். 1999இல் 0-5 வாங்கிய அதே மனிதருக்குக் கிடைத்த அவகாசம் 2013இல் கிடைக்கவில்லை. அந்த இரண்டு செப்டம்பர்–அக்டோபர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வயிறு பிசைகிறது.

பணப் பிரச்சினையையும் தள்ளிவிட முடியாது. கடன் ஏறி, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவின் நிதி விதிகளை மீறியதற்காகக் கலாதசராய் 2016–17 பருவம் ஐரோப்பியப் போட்டிகளில் ஆட முடியாமல் தடை வாங்கியது. ஆட்ட முடிவு முறைகேட்டு வழக்கில் ஃபெனர்பாச்சேவும் பெஷிக்தாஷும் 2013இல் யூஃபா தடைக்கு உள்ளாகின. ஆனால் பணம் இருந்த ஆண்டுகளிலும் இந்த வெளியூர் நோய் இருந்திருக்கிறது. அதனால் பணத்தை முதல் காரணமாக வைக்க நான் தயாரில்லை. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை தோல்வி வரை இடம் கொடுக்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

இன்று அந்தக் கேள்வியின் நடுவே நிற்பவர் ஒகான் புருக். கோபன்ஹேகனில் 84 நிமிடம் நடுக்களத்தில் ஓடியவர். 2022இல் கலாதசராய்க்குப் பயிற்சியாளராக வந்து 2023, 2024, 2025 என்று மூன்று லீக் பட்டங்களை வென்றார். ஐரோப்பாவில் பாதை கரடுமுரடு. 2024இல் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் யங் பாய்ஸிடம் இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. 2025 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ஏஸெட் அணியிடம் 1-4. ஒவ்வொரு முறையும் அவரை மாற்றச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. கிளப் அவரை வைத்துக்கொண்டது.

2025 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபுர்ட்டில் 1-5 வாங்கினார்கள். அதே மாதம் 30ஆம் தேதி இஸ்தான்புல்லில் லிவர்பூலை ஓசிமென் பெனால்டியில் 1-0 வென்றார்கள். ஊரே தெருவில் இறங்கிக் கொண்டாடியது, அது நியாயம்தான். நான் குறித்து வைத்துக்கொண்டது அடுத்து வந்த நவம்பர் 5ஐ. ஆம்ஸ்டர்டாம், அயாக்ஸின் மைதானம். கலாதசராய் 3-0.